சோடியத்துக்குக் கீழே இன்னும் இரண்டு வரி

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் தலைவருக்கும், லேபிள் விதிகளை வகுக்கும் அறிவியல் குழுவினருக்கும்,

வணக்கம்.

கடையில் விற்கும் பாக்கெட் தின்பண்டம் எதைத் திருப்பிப் பார்த்தாலும் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று ஒரு வரி இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைகளில் நீங்கள் கட்டாயமாக்கிய வரி அது. அதற்குக் கீழே பொட்டாசியம் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு என்று இன்னும் இரண்டு வரிகளையும் கட்டாயமாக்குங்கள். நான் கேட்க வந்தது இதுதான். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கோவில்பட்டிக்காரி. என் கணவருக்குப் பல வருடச் சர்க்கரை நோயில் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். மூன்று வேளைச் சாப்பாடு எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. அது என் அடுப்பில் வேகிறது. எவ்வளவு உப்பு போட்டேன், காய்கறி வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினேனா, பருப்பு எத்தனை கரண்டி என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சிக்கல் வருவது நடுவில் கொறிப்பதில்தான். சாயங்காலம் நாலு மணிக்கு வரும் பசி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பஸ்ஸில் வரும் பசி, டயாலிசிஸ் முடிந்து எழுந்திருக்கும்போது வரும் மயக்கமும் பசியும் கலந்த ஒன்று. அந்த நேரத்தில் கையில் கிடைப்பது பாக்கெட்தான்.

"நொறுக்குத்தீனியை விட்டுவிட வேண்டியதுதானே" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் பலருக்குப் பசியே சரியாக எடுக்காது. வாய் கசக்கும், இரண்டு கவளத்தில் போதும் என்பார்கள். அதே சமயம் டயாலிசிஸில் புரதம் வெளியேறுவதால், மற்றவர்களைவிடக் கூடுதலாகவே புரதம் உள்ளே போக வேண்டும். மெலிந்துவிட்டால் நோய் இன்னும் மோசமாகும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடச் சொல்கிறார்கள். இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கினால் உடனே ஏதாவது வாயில் போட்டாக வேண்டும். ஆகவே எங்களைப் போன்ற வீடுகளில் நொறுக்குத்தீனி ஆசைக்குத் தின்பதாக மட்டும் இல்லை, வைத்தியத்தின் ஒரு பகுதியாகவும் இருக்கிறது.

டயட்டீஷியன் எழுதிக்கொடுத்த சீட்டு எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. ஒரு நாளைக்குச் சோடியம் 2,000 மில்லிகிராமுக்குள், பொட்டாசியம் 2,000 மில்லிகிராமை ஒட்டி, பாஸ்பரஸ் 800 முதல் 1,000 மில்லிகிராம் வரை. இவை மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் அவர் எதைத் தின்னலாம் என்று நான் சொல்ல வேண்டும். பாக்கெட் எனக்குச் சொல்வதோ முதல் எண்ணை மட்டும்.

அந்த ஒரு எண்ணே எவ்வளவு உதவுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் மிக்சரில் 800 மில்லிகிராம் சோடியம் என்று இருந்தால், அதை இரண்டரையால் பெருக்கினால் 2 கிராம் உப்பு. ஒரு கைப்பிடி 30 கிராம் என்று வைத்தால் அரை கிராமுக்குச் சற்று அதிகம். சரி, இன்றைக்குச் சாம்பாரில் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுவிடுவேன். உப்பு கூடினால் தாகம் எடுக்கும், தாகம் எடுத்தால் தண்ணீர் குடிப்பார், குடித்த தண்ணீர் சிறுநீராகப் போகாமல் காலிலும் நுரையீரலிலும் தேங்கும். அடுத்த டயாலிசிஸுக்குப் போய் எடை மெஷினில் ஏறி நின்றதும், "அண்ணாச்சி, என்ன இவ்வளவு ஏத்திட்டு வந்திருக்கீங்க" என்று டெக்னீஷியன் தம்பி கேட்பான். சோடியம் வரி பாக்கெட்டில் இருப்பதால் அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் குறைந்திருக்கிறது. அதற்காக உங்களுக்கு மனமார்ந்த நன்றி.

பொட்டாசியம் விஷயம் அப்படி இல்லை. தண்ணீர் ஏறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும், பார்த்தால் தெரியும். பொட்டாசியம் ரத்தத்தில் ஏறுவது பெரும்பாலும் வெளியே தெரியாது. ரத்தப் பரிசோதனையில் அந்த எண் 5-ஐத் தாண்டும், 6-ஐத் தாண்டும், ஆள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். கால் கொஞ்சம் கனக்கிறது என்பார். பிறகு இதயத் துடிப்பு தாளம் தப்பும், நின்றே போகலாம். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே நாள் இடைவெளி நீளமாக இருக்கும் சமயத்தில்தான் ஆபத்து அதிகம். தீபாவளி, பொங்கல் முடிந்து வரும் முதல் டயாலிசிஸ் நாளில் யூனிட்டில் இருக்கும் நர்ஸ்கள் முகத்தைப் பார்த்தாலே புரியும்.

வாழைப்பழம் வேண்டாம், இளநீர் வேண்டாம் என்று சிறுநீரக நோயாளி ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். நடுத்தர அளவுள்ள ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 420 மில்லிகிராம் பொட்டாசியம். அதை ஒதுக்கிவிட்டோம். ஆனால் உருளைக்கிழங்கு சிப்ஸ் 100 கிராமில் சுமார் 1,200 மில்லிகிராம் இருக்கிறது. கிழங்கில் இருந்த தண்ணீர் எண்ணெயில் வற்றிப்போக, பொட்டாசியம் அப்படியே செறிந்து நிற்கிறது. 50 கிராம் பாக்கெட் ஒன்றைப் பிரித்துத் தின்றால் ஒன்றரை வாழைப்பழத்துக்குச் சமம். எங்கள் யூனிட்டில் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் பெரியவர் பழக்கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார், அவ்வளவு பயம். அவருடைய பேரன் வாங்கி வைத்த சிப்ஸ் பாக்கெட் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும். அவர் கவனக்குறைவானவர் இல்லை. பழத்தில் பொட்டாசியம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார், சிப்ஸில் இருப்பதை யாரும் சொல்லவில்லை, பாக்கெட்டும் சொல்லவில்லை.

அடுத்தது பாஸ்பரஸ். இது மெதுவாக வேலை செய்யும். ரத்தத்தில் கூடினால் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையும், ரத்தக்குழாய்ச் சுவர்களில் படிந்து அவற்றைக் கெட்டியாக்கும். தோலில் அரிப்பு வரும். ராத்திரி இரண்டு மணிக்கு என் கணவர் உட்கார்ந்து முதுகைச் சீப்பால் சொறிந்துகொண்டிருப்பார். டயாலிசிஸ் மெஷினால் பாஸ்பரஸை முழுதாக வெளியேற்ற முடியாது. அதற்காகத்தான் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கும் பைண்டர் மாத்திரை கொடுக்கிறார்கள். உணவில் உள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். விலை அதிகம். சாப்பாட்டோடு போட்டால்தான் அதற்கு வேலை. நாலு மணிக்கு இரண்டு பிஸ்கட் தின்னும்போது யார் மாத்திரை எடுத்துப் போடுகிறார்கள்? நொறுக்குத்தீனியில் வரும் பாஸ்பேட் அப்படியே தடையில்லாமல் உள்ளே போய்விடுகிறது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பருப்பிலும் தானியத்திலும் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ பாதியோ அதற்கும் குறைவோதான் உடம்பில் சேரும். பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற வடிவில் இருப்பதால் நம் குடலால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. ஆனால் பதப்படுத்தும்போது சேர்க்கும் பாஸ்பேட் உப்புகள் 90 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சப்பட்டுவிடும். ஒரு கிண்ணம் சுண்டலைவிட ஒரு பாட்டில் கோலாவும் ஒரு துண்டு பதப்படுத்திய சீஸும் எங்களுக்குக் கெடுதலாவது இப்படித்தான். இந்த வித்தியாசத்தை ஒரு குடும்பத் தலைவி எங்கே போய்க் கண்டுபிடிப்பாள்?

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, அது எப்படிப்பட்ட வழி என்று நீங்கள் ஒரு தடவை நேரில் செய்து பார்க்க வேண்டும். எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் நூடுல்ஸ் பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்க மடிப்பு ஓரத்தில், ஒட்டிய இடத்துக்குக் கொஞ்சம் மேலே, மூலப்பொருள் பட்டியல். எழுத்து அவ்வளவு பொடி என்பதால் செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். கெட்டிப்படுத்தி 508, அமிலச் சீராக்கி 501, ஈரம் காப்பான் 451 என்று போட்டிருக்கும். அதுவும் ஆங்கிலத்தில். 508 என்றால் பொட்டாசியம் குளோரைடு. 501 என்றால் பொட்டாசியம் கார்பனேட். 451 என்றால் டிரைபாஸ்பேட். எங்கள் வீட்டில் இந்த எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 338 கோலாவில் வரும் பாஸ்பாரிக் அமிலம், 339 சோடியம் பாஸ்பேட், 340 பொட்டாசியம் பாஸ்பேட், 341 கால்சியம் பாஸ்பேட், 450-லிருந்து 452 வரை பாஸ்பேட் வகையறா. இந்த நோட்டை யூனிட்டில் நிறையப் பேர் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சேர்மானத்தின் பெயரைப் போடலாம், அல்லது எண்ணை மட்டும் போடலாம் என்று உங்கள் விதி இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. பாக்கெட்டில் இடம் மிச்சமாகட்டும் என்று எண்ணைப் போடுகிறார்கள். சரி, எண் தெரிந்த பிறகாவது எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்பது தெரியுமா என்றால், தெரியாது. இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் பழைய பிரச்சினை. இப்போது புதிதாக ஒன்று வந்துகொண்டிருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை இன்னும் தள்ளிப்போடாமல் எழுதுகிறேன்.

நாடு முழுக்க உப்பைக் குறைக்கச் சொல்லிப் பிரசாரம் நடக்கிறது. உங்கள் 'ஈட் ரைட் இந்தியா' இயக்கத்திலும் அது முக்கியமான பகுதி. 2024 ஜூலையில், சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு அளவுகளைத் தடித்த, பெரிய எழுத்தில் போட வேண்டும் என்ற முன்மொழிவுக்கு ஒப்புதல் கொடுத்தீர்கள். 2025 ஏப்ரலில், பாக்கெட்டின் முன்பக்க எச்சரிக்கை பற்றிய பொதுநல வழக்கில், நிபுணர் குழுவின் பரிந்துரையை மூன்று மாதத்துக்குள் முடிக்கும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல காரியம்தான். ரத்த அழுத்தம் குறைந்தால் சிறுநீரக நோயாளிகளின் எண்ணிக்கையே குறையும், என் மனமார்ந்த ஆதரவு உண்டு. ஆனால் உப்பைக் குறைக்கச் சொன்னால் கம்பெனிக்காரர் என்ன செய்வார்? ருசி குறையக் கூடாது. சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்ப்பதுதான் அவருக்குக் கைவசம் உள்ள எளிய வழி. உப்புக் கரிப்பு ஏறக்குறைய அதே மாதிரி இருக்கும். பாக்கெட்டின் பின்னால் சோடியம் எண் இறங்கும். என்னைப் போன்ற ஒருத்தி அந்த இறங்கிய எண்ணைப் பார்த்து, அப்பாடா என்று அதைத்தான் வாங்குவாள்.

சிறுநீரக நோயாளிக்கு இதைவிட மோசமான கண்ணி வேறு இல்லை. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அந்தப் பொட்டாசியம் நன்மை செய்யும், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில், சாதாரண உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த குறைந்த சோடியம் உப்பைப் பரிந்துரைத்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை அந்தப் பரிந்துரையிலிருந்து விலக்கியும் வைத்தது. விலக்கப்பட்டவர்கள் தங்களைத் தாங்களே விலக்கிக்கொள்ள வேண்டுமானால், எந்தப் பாக்கெட்டில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டுமே?

"குறைந்த உப்பு" என்று முன்பக்கம் பளிச்சென்று போட்டிருந்த ஒரு ஸ்நாக்ஸ் பாக்கெட்டைக் கடையில் பார்த்தேன். மூலப்பொருளில் 508 இருந்தது. வாங்கவில்லை. ஆனால் மனம் கேட்காமல் அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் முகவரிக்கு எழுதி, 100 கிராமுக்கு எவ்வளவு பொட்டாசியம் என்று கேட்டேன். மரியாதையாகவே பதில் வந்தது: விதிமுறைப்படி தேவையான தகவல்கள் அனைத்தும் லேபிளில் உள்ளன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. விதி கேட்டதை அவர்கள் கொடுத்திருக்கிறார்கள். விதி கேட்காததை நான் கேட்டேன். அதனால் இப்போது விதி போடுகிற உங்களிடம் வந்திருக்கிறேன்.

டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு மட்டும் உரிய கவலை என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். எங்களுக்காவது மாதாமாதம் ரத்தப் பரிசோதனை நடக்கிறது. உலக அளவில் பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் உள்ள நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பதாக மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது, ஏனென்றால் நோய் முற்றும்வரை வலியோ தொந்தரவோ இராது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது, அவருக்குத் தெரியாது. அவர் போடும் பிரஷர் மாத்திரை டெல்மிசார்ட்டானாக இருந்தால் அதுவும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும். "டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார்" என்று அவர் ஆசையாகத் தேடி வாங்குவது அந்தக் "குறைந்த உப்பு" பாக்கெட்டைத்தான்.

குறிப்பிட்ட நோயாளிகளுக்காக லேபிளில் எழுத வைப்பது உங்களுக்குப் புதிது இல்லை. அஸ்பார்டேம் சேர்த்த பண்டங்களில், ஃபினைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று அச்சிட வைத்திருக்கிறீர்கள். அது பிறவியிலேயே வரும் மிக அரிதான நோய், பல ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். அந்த ஒரு குழந்தைக்காக நாடெங்கும் அப்படிப்பட்ட ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு வரி இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் ஆணையத்தின் மீது மரியாதை வரும். அதே அக்கறையைத்தான் எங்களுக்கும் கேட்கிறேன். பொட்டாசியம் குளோரைடை உப்புக்குப் பதிலாகச் சேர்த்த எந்தப் பண்டத்திலும், "சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் உண்ண வேண்டாம்" என்று முன்பக்கமே இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2016-ல் லேபிள் விதியைத் திருத்தி, 2020 முதல் பெரிய நிறுவனங்கள் பொட்டாசியம் அளவைக் கட்டாயம் அச்சிடும்படி செய்துவிட்டார்கள். அங்கே பாஸ்பரஸ் இன்னும் கட்டாயமில்லை. அதில் நாம் முந்திக்கொள்ளலாமே.

நட்சத்திரக் குறியீடு பற்றியும் ஒரு வார்த்தை. 2022-ல் நீங்கள் வெளியிட்ட வரைவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் நட்சத்திர மதிப்பெண் கொடுக்கும் யோசனை இருந்தது. கொட்டைகள், பருப்புகள், சிறுதானியம், பழம் சேர்ந்தால் மதிப்பெண் கூடும். ஊரில் எல்லாருக்கும் அது சரியாக இருக்கலாம். எங்கள் ஊர்க் கடலைமிட்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், வெல்லமும் நிலக்கடலையும் தவிர வேறு எதுவும் பெரிதாக இல்லை, பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல தின்பண்டம் கிடையாது என்று நானே சொல்வேன். வறுத்த நிலக்கடலை 100 கிராமில் 600 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம், வெல்லத்திலும் பொட்டாசியம் தாராளம். என் கணவருக்கு அது ஒரு சின்னத் துண்டு, அதுவும் ரத்தப் பரிசோதனை நன்றாக வந்த வாரத்தில் மட்டும். நட்டு, விதை, உலர்பழம் கலந்து "ஆரோக்கிய" பார் என்று விற்கிறார்களே, அதுவும் அப்படியே. நல்லது, கெட்டது என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லும் குறியீடு எங்களைப் போன்றவர்களை வழிதவற வைக்கும். எங்களுக்கு வேண்டியது எண். எண்ணைக் கொடுத்தால் மிச்சத்தை நாங்களும் எங்கள் டாக்டரும் பார்த்துக்கொள்வோம்.

சிறுநீரக நோயாளிகள் எல்லாருமே பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவ உலகில் இப்போது கேள்வி எழுப்புகிறார்கள், அதை நான் மறைக்க விரும்பவில்லை. ரத்தத்தில் அளவு சரியாக இருப்பவர்கள் பழம், காய்கறியை வீணாக ஒதுக்கக் கூடாது, நார்ச்சத்து போய்விடும், மலச்சிக்கல் வரும், அதனாலேயே பொட்டாசியம் ஏறும் என்கிறார்கள். எங்கள் டாக்டரும் இதையே சொன்னார். அப்படியென்றால் எண் இன்னும் அவசியம். ஒரு ஆப்பிளுக்கும் கொஞ்சம் சுண்டலுக்கும் இடம் விட வேண்டுமானால், பாக்கெட்டிலிருந்து வரும் தேவையில்லாத பொட்டாசியத்தை முதலில் கழிக்க வேண்டும். எவ்வளவு என்று தெரியாததை எப்படிக் கழிப்பது?

வீட்டில் நாங்கள் என்னதான் செய்கிறோம் என்று நீங்கள் கேட்கலாம். பொரிதான் எங்கள் வீட்டு ராஜா. உப்பில்லாப் பொரியா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும், பல இடங்களில் உப்புத் தண்ணீரில் புரட்டிய அரிசியில்தான் பொரிக்கிறார்கள். வாணலியில் ஒரு ஸ்பூன் எண்ணெய், கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, துளி மஞ்சள்தூள், பெருங்காயம். அடுப்பை அணைத்துவிட்டுப் பொரியைப் போட்டுப் புரட்டினால் மொறுமொறுவென்று வரும். கடைசியில் அரை மூடி எலுமிச்சை. உப்பே இல்லை என்று யாருக்கும் தோன்றாது. கூடவே அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ஒன்று, மிளகு தூவி. பொரி மட்டும் தின்றால் சர்க்கரை ஏறும், வெள்ளைக்கரு சேர்ந்தால் கொஞ்சம் நிதானமாக ஏறும், பாஸ்பரஸ் அதிகமில்லாத நல்ல புரதமும் கிடைக்கும். சில நாள் ஆப்பிள், சில நாள் அன்னாசித் துண்டு. சுண்டல் என்றால் ராத்திரியே ஊறப்போட்டு, ஊறின தண்ணீரைக் கொட்டி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்து, சின்னக் கிண்ணத்தில். நட்சத்திரப் பழம் மட்டும் வாசலுக்கே வரக் கூடாது. அதிலுள்ள ஒரு நச்சு சிறுநீரகம் பழுதானவர்களுக்கு விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோய்விடும். சர்க்கரை இறங்கும் அவசரத்துக்கு ஆரஞ்சு ஜூஸ் கிடையாது, சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம்.

இதெல்லாம் வீட்டில் ஆள் இருப்பதால் நடக்கிறது. யூனிட்டுக்குத் தனியாக வந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலை முதல் ஷிப்டுக்கு கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிற கூலித் தொழிலாளி, முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் பத்து ரூபாய்ப் பாக்கெட் ஒன்றை வாங்கிப் பிரிப்பார். அவருக்குப் பொரி தாளித்துத் தர யாரும் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அவருக்கு டயாலிசிஸ் இலவசம். மத்திய அரசும் 2016 முதல் தேசிய டயாலிசிஸ் திட்டம் நடத்துகிறது. தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வயிற்று வழி டயாலிசிஸ் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இவ்வளவு பணமும் உழைப்பும் செலவு செய்து காப்பாற்றுகிற உயிர், அந்தப் பெட்டிக்கடையில் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கிறது.

அவருக்காக இன்னொன்றும் கேட்க வேண்டும். லேபிள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும், பிற மொழிகள் கூடுதலாக, விருப்பப்பட்டால் மட்டும் என்பதே இப்போதைய விதி. தமிழ்நாட்டில் விற்கும் பாக்கெட்டில் முன்பக்கப் பெயரைத் தமிழில் பெரிதாகப் போடத் தெரிந்தவர்களுக்கு, சோடியம், பொட்டாசியம், பாஸ்பரஸ் என்ற மூன்று வரியைத் தமிழில் போடுவது கடினமாக இருக்காது. மற்ற மாநிலங்களிலும் அந்தந்த மொழியில். ஊட்டச்சத்து அட்டவணை முழுவதையும் மொழிபெயர்க்க முடியாவிட்டால் இந்த மூன்றையாவது.

சிறு தயாரிப்பாளர்களுக்குச் செலவு வைக்கும் என்ற பேச்சு வரும் என்று தெரியும். சாத்தூரில் காராச்சேவு போடுகிறவரும், மணப்பாறையில் முறுக்கு சுடுகிற அக்காவும் ஒவ்வொரு முறையும் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. அவர்கள் என் ஊர் மனிதர்கள், அவர்கள் பிழைப்பில் மண் விழுவதை நான் விரும்பவில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுப் பகுப்பாய்வு அட்டவணையில் 528 உணவுப் பொருட்களுக்கான அளவுகள் இருக்கின்றன, பொட்டாசியமும் பாஸ்பரஸும் உள்பட. கடலைமாவு இத்தனை, அரிசிமாவு இத்தனை என்று போட்டால் கணக்கு வந்துவிடும். சிறு தயாரிப்பாளர்கள் அந்தக் கணக்கைப் போட்டால் போதும் என்று அனுமதியுங்கள், அதற்கு ஒரு எளிய கணிப்பானைத் தமிழில் நீங்களே செய்து கொடுங்கள். அவர்களுக்கு அவகாசமும் கொடுங்கள். பாஸ்பேட் உப்பும் பொட்டாசியம் குளோரைடும் சேர்க்கிற பெரிய நிறுவனங்களுக்கு அவகாசம் தேவையில்லை, எத்தனை கிராம் சேர்க்கிறோம் என்பது அவர்கள் தயாரிப்புக் குறிப்பிலேயே இருக்கிறது. முதலில் அவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள்.

முன்பக்க லேபிள் பற்றி நீங்கள் அடுத்து எந்த வரைவை வெளியிட்டாலும் பொதுமக்கள் கருத்துக் கேட்பீர்கள். அந்த வரைவைத் தமிழிலும் வெளியிடுங்கள். சிறுநீரக மருத்துவர் ஒருவரையும், டயாலிசிஸ் யூனிட்டில் வேலை செய்யும் டயட்டீஷியன் ஒருவரையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் ஓடும் நான்கு மணி நேரமும் கட்டிலுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆட்கள் நாங்கள். வரைவு எத்தனை பக்கம் இருந்தாலும் படித்துப் பார்த்து, வரி வரியாகக் கருத்து எழுதி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரின் மனைவி,
கோவில்பட்டி.